என் மஞ்சக்காணியின் வாரக்காரன்

நான்கு மாதத்துக்கு ஒருமுறை டெல்லியில் யாரோ ஒருவர் ஒரு பொத்தானை அழுத்துவார். கொஞ்ச நேரத்தில் ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் இருக்கிற செல்போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்த ஆரம்பிக்கும். விவசாயிகளுக்குக் கொடுக்கிற இரண்டாயிரம் ரூபாய் வங்கியில் ஏறிவிட்டது என்று அர்த்தம். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள் போனை எட்ட நீட்டிப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் படிக்கக் கொடுப்பார்கள். ஒருமுறை என் பக்கத்தில் இருந்த அம்மா என்னிடம் நீட்டினார். படித்துப் பார்த்தால் அது ரீசார்ஜ் முடியப்போகிறது என்கிற சேதி. நான் உள்ளதைச் சொன்னேன். திருத்தணி வந்து சேரும்வரை அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் விவசாயி இல்லை. திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டுக்காரர் காலையில் லோக்கல் ரயில் பிடித்துச் சென்னைக்குப் போய், ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவர். எங்கள் வீட்டில் விளைவது மாடியில் ஒரு தொட்டி கறிவேப்பிலை. அதையும் கிருத்திகைக்கு மலைக்கு வருகிற உறவுக்காரர்கள் போகிறபோது ஆளுக்கு ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனாலும் ஆர்.கே.பேட்டையைத் தாண்டி நான் பிறந்த ஊரில் எனக்கு அரை ஏக்கர் நிலம் உண்டு. யாரைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். காகிதத்தில்தான் கிடையாது.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது, கொஞ்சம் வசதி உள்ளவர்கள் அவளுடைய மஞ்சள் குங்குமச் செலவுக்கு என்று ஒரு துண்டு நிலம் ஒதுக்குவார்கள். மஞ்சக்காணி என்று பெயர். தெலுங்கு பேசுகிற வீடுகளில் பசுப்பு குங்குமம் என்பார்கள். எழுதிக் கொடுக்கிற வழக்கம் இல்லை, வாயால் சொல்வதோடு சரி. என் கல்யாணத்தன்று அப்பா, நாங்கள் நைனா என்போம், ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் எல்லாம் வைத்து, கூடவே அந்தக் கழனியிலிருந்து ஒரு மண்ணாங்கட்டியையும் வைத்து, கிணற்றுக்குக் கிழக்கே இருக்கிறது இனிமேல் பெண்ணுக்கு என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அந்த மண்ணாங்கட்டி உதிர்ந்து என் கூறைப்புடவையில் ஒட்டிக்கொண்டதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே கவலை. நிலத்தைப் பற்றி யோசிக்கிற வயசா அது.

அதை எழுதிக் கொடு என்று கேட்கிற பெண்ணும் எங்கள் ஊரில் கிடையாது. கேட்டால் கூடப்பிறந்தவன்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். நைனா போன பிறகு நிலம் மொத்தமும் தம்பி பெயருக்குப் பட்டா மாறியது. எனக்குப் பாத்தியதை இல்லை என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். அதில் கிணற்றுக்குக் கிழக்கே இருப்பதும் சேர்ந்துதான் இருந்தது. அதற்குத் தனி சர்வே எண்ணே இருக்கிறது, பிரித்து எழுதியிருக்கலாம். எனக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. பட்டா கவர்ன்மெண்டுக்கு, பேச்சு நமக்கு என்று இரண்டு பேரும் பஸ் ஏறி வந்துவிட்டோம்.

என் தம்பி அந்த அரை ஏக்கரை வாரத்துக்கு ஓட்டுகிறான். அதாவது நிலம் என்னுடையது, உழைப்பு அவனுடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. இதை நான் சொல்லவில்லை, அவனாகவே ஏற்படுத்திக்கொண்ட சட்டம். கிழக்குக் கழனி வேர்க்கடலையை மற்றதோடு சேர்க்க மாட்டான். தனியாகப் பிடுங்கி, தனியாகக் காயவைத்து, தனிச் சாக்கில் கட்டி, என் பாதியை டவுன் பஸ்ஸில் ஏற்றி, லக்கேஜ் டிக்கெட்டுக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கு நின்று திருத்தணிக்குக் கொண்டுவந்து இறக்குவான். இந்தக் கடலையைக் கடையில் வாங்கினால் இவ்வளவு செலவு ஆகாதே என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். வாரம்னா வாரம்தான் பாவா என்று அவன் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்வான். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அதே கடலையை வேகவைத்துத் தின்பார்கள்.

மழை பொய்த்த ஒரு வருடம் ஒரு சின்னத் துணிப்பையோடு வந்தான். நஷ்டத்திலும் எனக்குப் பாதி. வாசலிலேயே நின்றுகொண்டு, மிராசுதாரிடம் சமாதானம் சொல்கிற மாதிரி காற்று, பூச்சி, மின்சாரம் என்று காரணம் அடுக்கினான். போடா உள்ளே என்று தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். விதைப்புக்கு முன்னால் வரப்பில் நின்று போன் வேறு செய்வான். இந்த வருடம் கடலை போடட்டுமா, கேழ்வரகு போடட்டுமா என்று கேட்பான். ஏதாவது போடேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அவன் குரலே இறங்கிப்போய்விட்டது. அதிலிருந்து அவன் கேட்டால் கொஞ்ச நேரம் உம்மென்று இருப்பேன், நிலத்துக்காரி யோசிக்கிறாள் என்று அவன் காத்திருப்பான், பிறகு கடலையே போடு என்பேன். பெரும்பாலும் அந்த நேரத்தில் நான் அடுப்பில் பால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிச் சிரிப்பும் கடலையுமாகப் போய்க்கொண்டிருந்ததில் அரசாங்கம் வந்து புகுந்தது. விவசாயிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி எண் கொடுக்கப்போகிறார்கள், அந்த எண் வாங்காதவர்களுக்கு அடுத்த தவணை இரண்டாயிரம் வராது என்று ஊருக்கு ஊர் முகாம் போட்டார்கள். வேலை ஒன்றும் பெரிதில்லை. வேளாண்மைத் துறையிலிருந்து ஒரு பெண் செல்போனோடு வந்து உட்காருவாள். ஆதார் எண்ணைப் போட்டால் நம் பேரில் பட்டா உள்ள நிலம் எல்லாம் வந்து நிற்கும். இதெல்லாம் உங்களுடையதுதானே என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். ஆமாம் என்றால் நம் போனுக்கு ஓ.டி.பி. வரும். அதைச் சொன்னால் முடிந்தது. ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது.

என் தம்பி அதில் போய் மாட்டிக்கொண்டான்.

அவன் மனைவிதான் எனக்குப் போன் செய்தாள். அவள் அம்மையார்குப்பத்துப் பெண், நெசவுக்காரர் ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து மண்வெட்டி பிடிக்கக் கற்றவள். வளவளவென்று பேசத் தெரியாது. பேசினால் காரியம் இருக்கும்.

"அண்ணி, உங்க தம்பி அந்தப் பொண்ணாண்ட போயி, இது என் நெலம் இல்ல, எங்க அக்காது, நான் வாரத்துக்கு ஓட்றவன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டாரு. அடுத்த வாரம் இன்னொரு முகாம் இருக்குது. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பதியக்கூடாதா என்று கேட்டேன். பட்டாவில் இருப்பது எல்லாம் சேர்ந்தால்தான் எண் கிடைக்கும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாளாம். தம்பி மனைவிக்கு அந்த இரண்டாயிரம் சும்மா வருகிற காசு இல்லை. ஆடியில் விதைக்கடலை வாங்க அதுதான் அவள் கைமுதல். அதை முன்பணமாகக் கொடுத்தால் கடைக்காரர் மீதியை அறுவடைக்குப் பிறகு வாங்கிக்கொள்வார். கொடுக்காவிட்டால் மூட்டையைத் தொடவிட மாட்டார். மாட்டுப் பால் காசு வீட்டுச் செலவோடு தீர்ந்துபோகும். பணம் வரவில்லை என்றால் அந்த ஆடியில் நிலம் தரிசாகக் கிடக்கும், என்னுடையதும் சேர்த்து.

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, என்னுது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா, காசா பணமா என்றார். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. விடுதலைப் பத்திரத்திலேயே கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி வாயால் சொல்ல என்ன தயக்கம். முகாம் அன்று காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த நிலம் என்னுது இல்ல, என் தம்பியுதுதான் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வசனம் ஒப்பிக்கப் போகிற மாதிரி நன்றாகவே வந்தது.

தம்பி மாட்டுக்கொட்டாயில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது, மாட்டைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. எல்லாருக்கும் ஒரே இரண்டாயிரம்தான்டா, இந்த அரை ஏக்கரைச் சேர்த்தாலும் ஏறாது, விட்டாலும் குறையாது என்று எடுத்துச் சொன்னேன். அப்படியென்றால் ஒரு பைசா லாபம் இல்லாமல் பொய் சொல்லச் சொல்கிறாயா என்று கேட்டான். பட்டா உன் பேரில்தானே இருக்கிறது, இதில் பொய் எங்கே வந்தது என்றேன்.

"பட்டா எவன் பேர்ல இருந்தா இன்னாக்கா. உன் நெலமான்னு என் மூஞ்சியப் பாத்துக் கேக்குது அந்தப் பொண்ணு. நைனா குடுத்தத எனக்குன்னு எப்டி சொல்றது?"

எவ்வளவு சொல்லியும் ஒற்றைக்காலில் நின்றான். கடைசியில் ஒரு வழி சொன்னான். அத்தனை பேர் எதிரில் நைனா கொடுத்தது. அதே மாதிரி நாலு பேர் எதிரில் நான் அது என்னுடையது இல்லை என்று சொல்லவேண்டும். சொன்னால், அவன் ஆமாம் போட்டு எண் வாங்கிக்கொள்கிறான். இதற்குத்தானே பஸ் ஏறி வந்தேன், வா போகலாம் என்று கிளப்பினேன். தம்பி மனைவி வாசல் கதவைச் சாத்தி, கொண்டியை மாட்டிவிட்டு எங்களோடு வந்தாள். வழியெல்லாம் அவள் எங்களுக்கு ரெண்டடி பின்னாலேயே வந்தாள்.

முகாம் ஊராட்சி அலுவலகத்தில் என்றுதான் பெயர். அங்கே சிக்னல் இல்லாததால் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் ஓ.டி.பி. வரவில்லை என்று போனை வானத்துக்குத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு ஓ.டி.பி. மகனுடைய போனுக்குப் போய்விட்டது, மகனோ பெங்களூரில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறான். அவனை எழுப்ப அவர் மருமகளை அழைக்க, மருமகள் எடுக்கவில்லை. வரிசையே அந்தக் குடும்ப விவகாரத்தில் இறங்கி யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை.

எங்கள் முறை வந்தது. அந்தப் பெண் தம்பியை உடனே அடையாளம் கண்டுகொண்டு, அக்காவைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா என்று சிரித்தாள். செல்போனில் நிலத்தின் வரைபடத்தைத் திறந்தாள். வெட்டி வைத்த பர்பி மாதிரி கட்டம் கட்டமாக எங்கள் ஊர் கழனிகள். அதில் ஒன்றைத் தொட்டாள், அது மட்டும் நீலமாயிற்று. ஒரு பக்கம் அகலம், வாய்க்கால் போகிற பக்கம் ஒடுங்கி இருந்தது. என் நிலத்தின் உருவம் இதுதானா என்று குனிந்து பார்த்தேன். இத்தனை வருடத்தில் அதை வரப்பிலிருந்து பார்த்ததோடு சரி, முழுசாகப் பார்த்ததே கிடையாது.

"இதாம்மா அந்த நெலம். உங்களுதா, இவருதா? நீங்க சொல்லிட்டா டிக் பண்ணிடறேன்."

வாயைத் திறந்தேன். பஸ்ஸில் அவ்வளவு சரளமாக வந்த வசனம் வரவில்லை. திருத்தணி வீடு என் வீட்டுக்காரர் பேரில். நகை எல்லாம் என் மகளின் கல்யாணத்தோடு போயிற்று. வங்கிக் கணக்கு இரண்டு பேர் பேரிலும் இருந்தாலும் கார்டு அவர் சட்டைப்பையில். இது அவளுடையது என்று மூன்றாம் மனிதர் ஒருவர் வாயால் சொல்கிற பொருள் எனக்கு இந்த உலகத்தில் இது ஒன்றுதான் என்பது, அந்த நீலத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் நான் அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். வருடா வருடம் கேழ்வரகா கடலையா என்று கேட்டானே, அவன் விளையாடவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வயசான பொம்பளை, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், அத்தனை பேர் முன்னால்.

"என்னுதுதான்மா" என்றேன்.

அந்தப் பெண் விரலை எடுத்துவிட்டாள். தம்பி ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவன் மாதிரி வரிசையைத் திரும்பிப் பார்த்தான். நான் தம்பி மனைவியைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அடுத்தவர் வாங்க என்று குரல் கேட்டு நகர்ந்தோம்.

வீட்டுக்கு வந்து அவள் எனக்குச் சோறு போட்டாள். முருங்கைக்கீரைப் பொரியல், காராமணிக் குழம்பு. ஒரு குறை சொல்லமுடியாது. காரியத்தை முடித்துக்கொடுக்க வந்து கெடுத்துவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கிளம்பும்போது விதைக்கடலைப் பணத்தை நான் தந்துவிடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னேன். வேண்டாம் அண்ணி, அது வேற இது வேற என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

ஒரு வார்த்தை சொல்லத்தானே போனாய் என்று அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். இந்த வீடு யார் பேரில் இருக்கிறது என்று நான் கேட்டேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றார். அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றேன். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். அவருக்குக் கடைசிவரை புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அன்றிலிருந்து ஏடிஎம் கார்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சில நாள் கழித்துத் தம்பி மனைவி தனியாக வந்து வாசலில் நின்றாள். திருவிழா, விசேஷம் எதுவும் இல்லாமல் அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததே கிடையாது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சரி, அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு காபி போட்டேன். அவள் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, துணிப்பையிலிருந்து பட்டாவையும் பத்திரத்தையும் எடுத்தாள்.

"உங்க பேருக்கே எழுதிடலாம் அண்ணி. அது உங்களுதுன்னு ஆயிட்டா மிச்சம் இருக்கறதெல்லாம் அவருது. அப்புறம் ஆங்னு சொல்றதுக்கு அவருக்கு இன்னா கஷ்டம்? மூணாவது முகாம் ஒண்ணு இருக்குதாம். அதுக்குள்ள முடிச்சிடலாம்."

என் வீட்டுக்காரர் அன்றைக்கு லீவில் இருந்தார். கணக்கு எழுதுகிற மனுஷனால் சும்மா இருக்கமுடியுமா? முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், பத்திரம் எழுதுகிறவர் கூலி, போக்குவரத்து என்று கூட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தவணையைக் காப்பாற்றப் பல தவணைப் பணத்தைச் செலவு செய்கிற குடும்பம் இந்தத் தாலுகாவிலேயே இதுதான் என்றார். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தம்பி மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. வாரத்து நிலம்தானே அண்ணி, செலவும் பாதிப் பாதி என்றாள். அவள் சிரிக்காமல் சொன்னதால் அது நக்கலா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பதிவு அலுவலகத்துக்கு நாலு பேரும் போனோம். தம்பி வெளுத்த வேட்டி கட்டி, நெற்றியில் விபூதியோடு மாப்பிள்ளை மாதிரி வந்தான். என் வீட்டுக்காரர் ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி யார் என்று பத்திரம் எழுதுகிறவர் கேட்டபோது தம்பி மனைவி நான் போடுகிறேன் என்றாள். புருஷன் சொத்து கைமாறும்போது மனைவி சாட்சி போட வருவது அவருக்குப் புதுசு போலிருக்கிறது, பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இல்லை என்று பேனாவை அவளிடம் கொடுத்தார்.

உள்ளே அதிகாரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சொந்த இஷ்டத்தில் எழுதிக்கொடுக்கிறீர்களா என்று தம்பியைக் கேட்டார். அவன் ஊருக்கே கேட்கிற மாதிரி ஆமாம் என்றான். பிறகு தம்பி மனைவியிடம், அந்த நிலத்தைப் பார்த்திருக்கிறாயா, எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டார்.

"நான்தாங்க அதுல களை எடுக்கறேன்" என்றாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு தம்பியை, பிறகு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்ற என்னை. எனக்கு அந்தப் புடவையோடு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. எங்கே கையெழுத்துப் போடுவது என்று அவள் கேட்டாள், அவர் இடத்தைக் காட்டினார். கண்மூடித் திறப்பதற்குள் கேமரா என்னைப் படம் பிடித்துக்கொண்டது. அந்தப் படத்தில் நான் திருடி அகப்பட்டவள் மாதிரி இருக்கிறேன்.

தனி சர்வே எண் என்பதால் பட்டா மாறுவதற்கு இழுபறி இல்லை. மூன்றாவது முகாமுக்கு நானும் போனேன், போகாமல் இருக்கமுடியவில்லை. அந்தப் பெண் செல்போனில் திறந்து காட்டினாள். தம்பி பேரில் இப்போது கிணற்றுக்கு மேற்கே இருப்பது மட்டும் வந்தது. இதெல்லாம் உங்களுதா என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் ஆங், ஆங் என்றான். ஓ.டி.பி. வந்தது, சொன்னான், எண் கிடைத்தது. அந்தத் தவணையும் ஆடிக்கு முன்னால் வந்து சேர்ந்தது, விதைக்கடலையும் வாங்கினார்கள். எனக்கு மட்டும் அரசாங்கம் ஒரு பைசா தராது. இந்தத் திட்டத்தில் நேற்று நிலம் வாங்கினவர்களுக்கு இடமில்லையாம். முகாமில் அந்தப் பெண் இதைச் சொன்னபோது மிகவும் வருத்தப்பட்டாள். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு எண் வாங்கிய கையோடு தம்பி அதைக் காட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனான். நாங்கள் இரண்டு பேரும் கழனி வழியாக வீட்டுக்கு நடந்தோம். அவள் இப்போது பின்னால் வரவில்லை, பக்கத்தில் வந்தாள். மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். என்னுது இல்லை என்று சொல்லத்தானே நீ என்னை வரவழைத்தாய், நான் சொல்லாமல் விட்டதற்கு நீ என்னைத் திட்டியிருக்கவேண்டும், அதற்குப் பதிலாகப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாயே, ஏன் என்று கேட்டேன்.

அவள் வரப்பில் முளைத்திருந்த கோரையைக் குனிந்து பிடுங்கி எறிந்தாள். அம்மையார்குப்பத்தில் அவளுக்கும் ஒரு மஞ்சக்காணி இருந்ததாம். வீட்டை ஒட்டின ஒரு துண்டு மனை. அவள் அப்பாவும் கல்யாணத்தில் நாலு பேர் எதிரில் சொன்னதுதான். அண்ணன்கள் அதில் விசைத்தறிக் கொட்டகை போட மானியத்தோடு கடன் கேட்டார்கள். கடன் கொடுக்கிறவர்கள் இடம் பார்க்க வந்தபோது, அது தங்கச்சியுடையது என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்று இவளைக் கூப்பிட்டார்கள். போனாள். எல்லாரும் இவள் முகத்தையே பார்த்தார்கள். என்னுது இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள்.

அண்ணன்கள் எப்படி என்று கேட்டேன். நல்லவர்கள்தான் என்றாள். பொங்கலுக்குப் பொங்கல் அந்தத் தறியில் நெய்த புடவை வந்துவிடும். அன்றைக்கு அவள் கட்டியிருந்ததும் அதில் ஒன்றுதான்.

"எல்லாம் நல்லாத்தான் செய்றாங்க அண்ணி. ஆனா இப்பல்லாம் அங்க போனா, உக்காருன்னு யாராவது சொன்னாத்தான் உக்கார்றேன்."

சொல்லிவிட்டு, மாடு கத்துகிறது என்று வேகமாக முன்னால் நடந்தாள். நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எத்தனையோ தடவை அவள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். செருப்பை விட்டதும் நேரே உள்ளே போய், விசிறிக்கு நேராக இருக்கிற இடமாகப் பார்த்து நானே உட்கார்ந்துகொள்வேன். உட்காருங்கள் என்று அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, அவள் சொல்லவேண்டும் என்று எனக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை.